காதுக்கு எட்டாத சுத்தியல்

1956-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஒரு டி.வி. ரிமோட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பேட்டரி இருக்காது. பல்பு, வால்வு, மின்கம்பி எதுவும் இருக்காது. விரல் நீளத்தில் நான்கு அலுமினியத் தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஸ்பிரிங்கில் பூட்டிய ஒரு குட்டிச் சுத்தியல், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் சுத்தியல் தண்டைத் தட்டும். அறையின் மறுகோடியில் சேனல் மாறும்.

இதைச் செய்து விற்றது சிகாகோவின் ஜெனித் நிறுவனம். அமெரிக்க ரேடியோ, டி.வி. வரலாற்றை எழுதுகிறவர்கள் போட்டி நிறுவனமான ஆர்.சி.ஏ.வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஜெனித்தை ஓரிரு பத்திகளில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வீட்டு மின்னணுப் பொருள்களில் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பல விஷயங்கள் இந்த நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து வந்தவை. அதே நிறுவனம் தான் கண்டுபிடித்த பொருள்களைத் தன் சொந்த ஊரில் லாபத்தோடு செய்ய முடியாமல் போனது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

1918-இல் ரால்ஃப் மேத்யூஸ், கார்ல் ஹாசல் என்ற இரு அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிகாகோவில் ஒரு சமையலறை மேசையில் ரேடியோக் கருவிகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 'சிகாகோ ரேடியோ லேபரட்டரி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஒலிபரப்பு நிலையத்தின் அழைப்புக்குறி 9இசட்என். அதன் கடைசி இரண்டு எழுத்துகளை நீட்டித்தான் 'ஜெனித்' என்ற வணிகப் பெயரை உருவாக்கினார்கள். எட்வின் ஆம்ஸ்ட்ராங்கின் மறுஊட்டச் சுற்றைப் பயன்படுத்தும் உரிமம் அவர்களிடம் இருந்தது. பலவீனமான சைகையைத் திரும்பத் திரும்ப அதே வால்வுக்குள் செலுத்திப் பெரிதாக்கும் உத்தி அது. அந்த உரிமம் இல்லாமல் அன்றைக்கு நல்ல ரேடியோ செய்ய முடியாது.

அந்த உரிமத்தின் மதிப்பு யூஜின் மெக்டொனால்டுக்குப் புரிந்தது. தவணை முறையில் கார் விற்றுப் பணம் சம்பாதித்தவர், முதல் உலகப் போரில் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டராக இருந்தவர். கடைசிவரை எல்லோரும் அவரைக் 'கமாண்டர்' என்றே அழைத்தார்கள். 1921-இல் இருவரோடும் கைகோத்தார். 1923-இல் ஜெனித் ரேடியோ கார்ப்பரேஷன் பதிவானது. அதே ஆண்டு அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

கமாண்டருக்கு விளம்பரம் எப்படிச் செய்வது என்று தெரியும். ஆனால் அவருடைய விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு உண்மையான பரிசோதனை ஒளிந்திருக்கும். 1925-இல் ஆய்வுப் பயணி டொனால்டு மக்மில்லன் ஆர்க்டிக் பகுதிக்குப் பயணம் போனபோது இரண்டு கப்பல்களில் ஒன்றான 'பியரி'க்கு மெக்டொனால்டே பொறுப்பேற்றார். இரண்டிலும் ஜெனித்தின் சிற்றலைக் கருவிகள். துருவக் கோடையில் சூரியன் மறைவதில்லை. சூரிய ஒளி வளிமண்டலத்தின் கீழ் அயனி அடுக்கை வலுவாக்கும். அந்த அடுக்கு நடுத்தர அலைகளை விழுங்கிவிடும். சிற்றலைகளோ அதைத் துளைத்து மேலே போய், இன்னும் உயரத்தில் இருக்கும் அடுக்குகளில் பட்டு வளைந்து, பூமியின் மறுபக்கத்தில் இறங்கும். பூமியின் தென்பாதியில் பசிபிக் பெருங்கடலில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பலோடு ஆர்க்டிக்கிலிருந்து தொடர்பு கிடைத்தது. கடற்படை அதிகாரிகளுக்குச் சிற்றலையில் நம்பிக்கை வர அந்தப் பயணம் ஒரு முக்கியக் காரணம்.

1937-இல் அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொலைவிலிருந்து ஒருவர் மனதை இன்னொருவர் படிக்க முடியுமா என்று சோதிக்க நாடு முழுவதும் கேட்கும் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு ஜெனித் பணம் கொடுத்தது. ஸ்டுடியோவில் இருப்பவர்கள் 'கறுப்பு, வெள்ளை' போன்ற இரண்டில் ஒன்றை ஐந்து முறை தேர்ந்து மனதில் நினைப்பார்கள்; நேயர்கள் அந்த வரிசையை ஊகித்து எழுதி அனுப்ப வேண்டும். கடிதங்கள் குவிந்தன. முடிவுகள் சில தடவை திகைக்க வைத்தன. தற்செயலாக வரக்கூடியதைவிட மிக அதிகமான பேர் சரியாகச் சொல்லியிருந்தார்கள். லூயிஸ் குட்ஃபெல்லோ என்ற உளவியலாளர் 1938-இல் மர்மத்தை உடைத்தார். மனிதர்களால் தற்செயலான வரிசையைக் கற்பனை செய்ய முடியாது. ஐந்து முறையும் ஒன்றையே எழுத மாட்டார்கள், சீராக மாற்றி மாற்றியும் எழுத மாட்டார்கள். கலைந்ததுபோலத் தெரியும் சில வரிசைகளையே லட்சக்கணக்கானோர் எழுதுவார்கள். ஸ்டுடியோவின் வரிசை அந்தச் சிலவற்றில் ஒன்றாக இருந்தால் எல்லோரும் 'மனம் படித்தவர்கள்' ஆகிவிடுவார்கள். கமாண்டர் தேடியது கிடைக்கவில்லை. உளவியலுக்கு ஒரு நல்ல தரவுத் தொகுப்பு கிடைத்தது.

இப்போது ரிமோட்டுக்கு வருவோம். டி.வி. விளம்பரங்கள் கமாண்டருக்கு ஆகவே ஆகாது. மக்கள் விளம்பரத்தைத் தாங்க மாட்டார்கள், காசு கொடுத்து டி.வி. பார்க்கும் முறைதான் நிலைக்கும் என்று உறுதியாக நம்பினார். 1951-இல் சிகாகோவில் 300 குடும்பங்களை வைத்து, கலைத்து அனுப்பிய படத்தைத் தொலைபேசி வழியே வரும் சைகையால் தெளிவாக்கும் 'போன்விஷன்' சோதனையை நடத்தினார். படம் ஒன்றுக்கு ஒரு டாலர். தொழில்நுட்பம் வேலை செய்தது, ஆனால் வணிகமாக அது எழவில்லை. காசு கொடுத்துப் பார்க்கும் டி.வி. நிலைக்கும்வரைக்கும் விளம்பரத்தின் வாயையாவது அடைக்கலாம் என்று பொறியாளர்களிடம் சொல்லிவந்தார். நாற்காலியிலிருந்து எழாமல் ஒலியை நிறுத்த வேண்டும், சேனலை மாற்ற வேண்டும்.

1950-இல் வந்த 'லேசி போன்ஸ்' ஒரு கேபிளின் நுனியில் இருந்த பொத்தான்பெட்டி. கூடத்தின் குறுக்கே கிடந்த கேபிளில் வீட்டார் தடுக்கி விழுந்தார்கள். 1955-இல் யூஜின் பாலி 'ஃப்ளாஷ்-மேட்டிக்'கைக் கொண்டுவந்தார். உலகின் முதல் கம்பியில்லா டி.வி. ரிமோட் இதுதான். துப்பாக்கி வடிவத்தில் ஒரு டார்ச். டி.வி. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளிமின்கலங்கள். எந்த மூலையில் ஒளியைப் பாய்ச்சுகிறீர்களோ அதற்கேற்ற வேலை நடக்கும். அழகான யோசனை. ஆனால் ஒளிமின்கலத்துக்கு டார்ச் வெளிச்சமும் சாயங்கால வெயிலும் ஒன்றுதான். மேற்கு பார்த்த ஜன்னல் இருந்த வீடுகளில் டி.வி. தானாகச் சேனல் மாற்றிக்கொண்டது. எந்த மூலை எதற்கு என்பதும் பலருக்கு மறந்துபோனது.

அடுத்த முயற்சிக்குப் பொறுப்பேற்றவர் ராபர்ட் அட்லர். 1913-இல் வியன்னாவில் பிறந்தவர், அங்கேயே இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கிய பின் வெளியேறி 1941-இல் ஜெனித்தில் சேர்ந்தவர். அவர் முன்னால் இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ரேடியோ அலை சுவரை ஊடுருவும். அடுக்குமாடிக் குடியிருப்பில் நீங்கள் பொத்தானை அழுத்தினால் பக்கத்து வீட்டுச் சேனலும் மாறும். காதில் விழும் ஒலி என்றால் டி.வி.யில் வரும் சத்தமே அதைக் குழப்பும். ஒளி ஏற்கெனவே தோற்றுவிட்டது. இதற்கு மேல் விற்பனைப் பிரிவு ஒரு நிபந்தனை போட்டது: ரிமோட்டில் பேட்டரி கூடாது. பேட்டரி தீர்ந்தால் வாடிக்கையாளர் டி.வி. பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார் என்றார்கள். பொறியாளர்கள் முணுமுணுத்திருப்பார்கள். எனக்கென்னவோ இந்த அசட்டுத்தனமான நிபந்தனைதான் தீர்வைக் கொடுத்தது என்று தோன்றுகிறது.

மிச்சமிருந்தது மீயொலி. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. சுவரில் பட்டால் மீயொலி திரும்பிவிடும், அதனால் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை இல்லை. பேட்டரி இல்லாமல் அதை எப்படி உண்டாக்குவது? உலோகத் தண்டு ஒன்றின் முனையில் தட்டினால் அது நீளவாக்கில் சுருங்கி விரிந்து அதிரும். அடிப்படை அதிர்வில் தண்டின் நீளம் அலைநீளத்தில் பாதி. அலுமினியத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். இரண்டரை அங்குலம், அதாவது 6.35 செ.மீ. தண்டுக்கு அலைநீளம் 12.7 செ.மீ. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஏறத்தாழ 39,400 அதிர்வு. தண்டை ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் அதிர்வெண் சுமார் 600 ஏறும். ஆகவே சற்றே நீள வித்தியாசமுள்ள நான்கு தண்டுகள் போதும், நான்கு கட்டளைகள் தயார். தண்டின் நடுப்புள்ளி மட்டும் அசையாது; அங்கே பிடித்து நிறுத்தினால் அதிர்வு தடைபடாது. அலுமினியம் தன்னுடைய அதிர்வை உள்ளுக்குள்ளேயே சீக்கிரம் விழுங்கிவிடாத உலோகம் என்பதால் ஒரு தட்டுக்கே போதிய நேரம் ஒலிக்கும். சக்தி முழுவதும் உங்கள் கட்டைவிரல் கொடுப்பது.

சிக்கல் முழுவதும் டி.வி.க்குள் இடம் மாறியது. மெல்லிய அந்த ஒலியைப் பிடித்து, பெருக்கி, நான்கில் எது என்று பிரித்தறிய ஆறு வால்வுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன. டி.வி.யின் விலை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. வடிகட்டிச் சுற்றுகளின் இடைவெளியையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்துகொண்டே பொத்தானை அழுத்தினால் டாப்ளர் விளைவால் அதிர்வெண் நூற்றுச் சொச்சம் விலகும். அதை வேறு கட்டளையாக டி.வி. எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்லரின் 'ஸ்பேஸ் கமாண்ட்' 1956-இல் விற்பனைக்கு வந்தது. சாவிக்கொத்துக் குலுங்கினாலோ சில்லறை தரையில் சிந்தினாலோ சில வீடுகளில் சேனல் மாறத்தான் செய்தது. உலோகத்தில் உலோகம் மோதும்போது மீயொலியும் வரும். மனிதர்களுக்குக் கேட்காத அந்த ஒலி நாய்களுக்குக் கேட்டது. இத்தனைக்கும் பிறகு இந்த முறை தாக்குப்பிடித்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் தண்டுகளுக்குப் பதில் மின்சுற்று மீயொலியை உண்டாக்கியது. 1980-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ஒளி வந்து இடத்தைப் பிடிக்கும்வரை, கால் நூற்றாண்டு காலம் ரிமோட் என்றால் மீயொலிதான். 1997-இல் பாலி, அட்லர் இருவருக்கும் சேர்த்து எம்மி விருது கொடுத்தார்கள். யார் 'ரிமோட்டின் தந்தை' என்பதில் இருவர் தரப்புக்கும் உரசல் உண்டு. முதலில் செய்தவர் பாலி, நிலைக்கும்படி செய்தவர் அட்லர் என்பது என் கட்சி.

கமாண்டர் 1958-இல் இறந்தார். ஆய்வகத்தின் வேகம் குறையவில்லை. 1961-இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட எஃப்.எம். ஸ்டீரியோ முறை ஜெனித்தும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் முன்வைத்தது. இடது, வலது என்று இரண்டு ஒலிகளையும் தனித்தனியே அனுப்பினால் பழைய ரேடியோ வைத்திருப்பவருக்குப் பாதிப் பாட்டுத்தான் கேட்கும். அதனால் இரண்டின் கூட்டலை வழக்கமான இடத்திலும், இரண்டின் கழித்தலை 38 கிலோஹெர்ட்ஸ் உயரத்திலும் ஏற்றினார்கள். பழைய பெட்டி கூட்டலை மட்டும் வாசிக்கும், எதையும் இழக்காது. புதிய பெட்டி இரண்டையும் கூட்டி இடதை எடுக்கும், கழித்து வலதை எடுக்கும். வழிகாட்ட 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய சைகை. சென்னை, மதுரை எஃப்.எம். நிலையங்கள் ஸ்டீரியோவில் பாட்டுப் போடுவதும் இதே கணக்கில்தான்.

1969-இல் 'குரோமாகலர்' படக்குழாய் வந்தது. வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளுக்கு இடையே இருந்த வெளிர்நிறம் அறை வெளிச்சத்தை எதிரொளித்துப் படத்தை வெளுக்கச் செய்தது. அதைச் சமாளிக்க மற்ற நிறுவனங்கள் திரைக் கண்ணாடிக்கே சாம்பல் நிறம் ஏற்றின. படத்தின் ஒளியும் சேர்ந்து மங்கியது. ஜெனித் புள்ளிகளைச் சிறிதாக்கி, இடைவெளியைக் கறுப்பாக்கியது. சாணம் தெளித்துக் கறுத்த வாசலில் கோலம் எடுப்பாகத் தெரிவதுபோலப் படம் எழுந்து நின்றது. இப்போது கண்ணாடியைத் தெளிவாகவே விடலாம், பிரகாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பிறகு எல்லா நிறுவனங்களும் கறுப்புக்கு மாறின.

இவ்வளவு செய்தவர்கள் எங்கே சறுக்கினார்கள்? அவர்கள் பெருமைப்பட்ட இடத்திலேயே. மற்றவர்கள் 1950-களில் அச்சிட்ட சுற்றுப் பலகைக்கு மாறியபோது ஜெனித் மாறவில்லை. உலோகச் சட்டத்தில் ஒவ்வொரு கம்பியையும் தொழிலாளி கையால் பற்றவைப்பார். விளம்பரத்திலும் அதையே பெரிதாகப் போட்டார்கள். அப்போது அது சரியான முடிவுதான். வால்வு டி.வி.யின் உள்ளே சூடு அதிகம். ஆரம்பகாலப் பலகைகள் அந்தச் சூட்டில் வளைந்தன, செம்புத் தடங்கள் உரிந்தன. கையால் பூட்டிய பெட்டி குறைவாகப் பழுதாகும், பழுதானாலும் மெக்கானிக்கால் சுலபமாகச் சரிசெய்ய முடியும். 1970-களின் தொடக்கத்தில் வண்ண டி.வி. விற்பனையில் ஆர்.சி.ஏ.வையே முந்தினார்கள். ஆனால் டிரான்சிஸ்டர் வந்ததும் சூடு போய்விட்டது, பலகையைக் குறை சொல்லக் காரணமும் போய்விட்டது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் எந்திரங்கள் பாகங்களைப் பலகையில் செருகத் தொடங்கின. கைவேலை அதன்பின் வெறும் செலவு.

ஜப்பானிய நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து சொந்த நாட்டில் அதிக விலைக்கும் அமெரிக்காவில் அடிமாட்டு விலைக்கும் விற்கின்றன என்று 1974-இல் ஜெனித் வழக்குப் போட்டது. பன்னிரண்டு ஆண்டு இழுத்த அந்த வழக்கு 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெனித்துக்கு எதிராக முடிந்தது. இருபது ஆண்டு நஷ்டத்துக்கு விற்று, பிறகு எப்போதோ சந்தையைப் பிடித்து ஈடுகட்டலாம் என்று எந்த வணிகனும் கூட்டுச் சதி செய்யமாட்டான் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது. அதற்குள் சிகாகோவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். உற்பத்தி தைவானுக்கும் மெக்சிகோவுக்கும் போயிருந்தது. இடையில் ஹீத் நிறுவனத்தை வாங்கிக் கணினித் தொழிலில் இறங்கினார்கள். அது நன்றாகவே ஓடியது. 1989-இல் அதைப் பிரான்சின் புல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு டி.வி.யைத் தக்கவைத்துக்கொண்டார்கள். லாபம் தந்ததைக் கொடுத்துவிட்டு நஷ்டம் தந்ததை வைத்துக்கொண்டது வணிகக் கண்ணுக்குத் தவறாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த டி.வி. ஆய்வகத்தில்தான் கடைசிப் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் டி.வி.க்கு அமெரிக்கா பொது முறை ஒன்றைத் தேடியபோது, 1993-இல் போட்டியாளர்கள் ஏழு பேரும் ஒரே கூட்டணியானார்கள். சைகையைக் காற்றில் அனுப்பும் பகுதிக்கு ஜெனித்தின் முறை தேர்வானது. ஒரு சேனலுக்கு இருப்பது 6 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். அதில் நொடிக்கு 1 கோடியே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் எட்டு உயரங்களில் ஒன்றில் நிற்கும். எட்டு என்றால் மூன்று பிட். பிழை திருத்துவதற்கான பிட்களைக் கழித்தபின் நொடிக்கு 1.9 கோடி பிட் மிஞ்சும். உயர்தெளிவுப் படம் ஒன்றுக்கு அது தாராளம்.

இதுவே சிறந்த முறை என்று நான் சொல்லமாட்டேன். உயரமான கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் சைகைகளை, தரவைப் பல அலைகளில் பிரித்து அனுப்பும் ஐரோப்பாவின் பல்சுமை முறை இன்னும் நன்றாகச் சமாளித்தது. நம் தூர்தர்ஷனின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பும் ஐரோப்பிய வழியில்தான் போகிறது. அமெரிக்காவே தன் அடுத்த தலைமுறை ஒளிபரப்புக்குப் பல்சுமை முறையைத் தேர்ந்துகொண்டது. ஆனால் 1990-களில் குறைந்த சக்தியில் நீண்ட தூரம் எட்டிய முறை ஜெனித்துடையது; சட்டமானதும் அதுதான்.

அந்த வெற்றியைக் கொண்டாடப் பணம் இல்லை. 1995-இல் தென்கொரியாவின் எல்ஜி 35.1 கோடி டாலர் போட்டுப் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 1999-இல் ஜெனித் திவாலானது. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, நிறுவனம் முழுவதும் எல்ஜி வசமானது. ஆய்வகமும் காப்புரிமைகளும் உயிரோடு இருந்தன. 2009 ஜூன் 12-இல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. பழைய டி.வி. வைத்திருந்தவர்கள் மாற்றுப்பெட்டி வாங்க அரசு 40 டாலர் கூப்பன் கொடுத்திருந்தது. கூப்பனுக்குக் கிடைத்த பெட்டிகளில் ஜெனித் பெயர் போட்டவையும் உண்டு, செய்தது எல்ஜி. வேறு எந்தப் பெயர் போட்ட பெட்டியை வாங்கியிருந்தாலும் உள்ளே இருந்தது ஜெனித்தின் எட்டுப்படி முறைதான். அதற்கான உரிமத்தொகையும் காப்புரிமை முடியும்வரை ஜெனித்துக்கும் அதன் கொரிய முதலாளிக்கும் போய்க்கொண்டிருந்தது.